பனிக்கு ஒரு வலை, தாபோடியிலிருந்து

1

புனேயின் மகர்பட்டாவிலிருந்து சுந்தர் போன் செய்தார். அங்கே ஐ.டி. வேலைக்கு வந்த தமிழர்கள் நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கோயம்புத்தூர்க்காரர். எதைக் கேட்டாலும் கெஞ்சுவது மாதிரியே கேட்பார். கடைசியில் அவர் நினைத்ததுதான் நடக்கும். உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கி இன்னொரு வருடம் நிறைகிறதாம். அதற்காக ஒரு மாலைக் கூட்டம். எல்லோரும் அந்த நாட்டுக் கொடி நிறத்தில் நீலமும் மஞ்சளுமாக உடுத்தி வரவேண்டும். கிளப் ஹவுஸில் கோலப் போட்டி, மெழுகுவத்தி, பிறகு டிபன். நடுவில் நான் பத்து நிமிடம் பேசவேண்டும்.

"தலைப்பு நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர். 'நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க இங்கிருந்து என்ன பண்ண முடியும்'ங்கற மாதிரி ஒண்ணு. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டுங்க."

பேச வரமாட்டேன் என்றேன். எழுதியாவது கொடுங்கள், யாராவது வாசித்துவிடுவோம் என்றார். எழுதுகிறேன், ஆனால் அவருக்கு இல்லை. இதை அந்தக் கூட்டத்தில் வாசித்தால் யாருக்கும் டிபன் இறங்காது. ஊரில் இருந்துகொண்டு தமிழ் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஆம்பூர் பக்கம். கல்யாணமாகி புனேவுக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. கணவர் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு தாபோடியில். நான் ஓர் ஆங்கிலப் பள்ளியில் கணக்கு டீச்சர். புனே என்ன வெளிநாடா, அங்கே இருப்பதற்கெல்லாம் புலம்பெயர்ந்த கதை எழுதலாமா என்று போன முறை நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருந்தார். ஐயா, நான் பால்காரரிடம் மராத்தி, பஸ்ஸில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறேன். தமிழ் எனக்குக் கணவரைத் திட்டுவதற்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் வந்து ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு, பிறகு கடிதம் போடுங்கள்.

2

அருணா எங்கள் ஒரே மகள். இங்கே மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காததால் உக்ரைனுக்கு அனுப்பினோம். படிப்பு பாதிக்கு மேல் தாண்டியபோது அங்கே குண்டு விழுந்தது. அவள் விடுதியில் இல்லை, ஹலீனா என்கிற பெண்ணின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். ஹலீனாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை. கணவர் இல்லை. தாரஸ் என்று ஒரே மகன். குண்டு விழுந்த நாட்களில் அருணாவை நிலவறையில் வைத்து, ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொடுத்து, பிறகு ஒரு விடியற்காலையில் கையைப் பிடித்து ரயில் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனவள் அவள்தான்.

ரயில் நிலையத்தில் நடந்ததை என் கணவர் ஏகாம்பரம் இன்றைக்கும் ஒப்பிப்பார். அருணா படியில் கால் வைத்ததும் சீருடை போட்ட ஒருவன் அவள் முதுகுப்பையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். முதலில் எங்கள் பெண்கள், அப்புறம்தான் நீங்கள் என்றானாம். விழுந்ததில் அவளுக்கு மணிக்கட்டு பிசகியது. இதோடு கணவர் கதையை நிறுத்திவிடுவார். மீதியை நான் சொல்கிறேன். ஹலீனா அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே, அருணாவைத் தோளால் முட்டி முட்டி ரயிலுக்குள் ஏற்றினாள். தள்ளிவிட்டவனும் அந்த நாட்டுக்காரன்தான், ஏற்றிவிட்டவளும் அந்த நாட்டுக்காரிதான். இரண்டு பேரில் யாரை வைத்து அந்த நாட்டை எடைபோடுவது என்ற சண்டை எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

மீதிப் படிப்பை வேறொரு நாட்டில் முடித்துத் திரும்பினாள். பட்டம் இருக்கிறது, ஆனால் இங்கே அவள் டாக்டர் இல்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இன்னொரு தேர்வு எழுதவேண்டும். அதற்கு விண்ணப்பிக்க பழைய கல்லூரியிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அந்தக் கல்லூரிக் கட்டடத்தில் கூரையே இல்லை, அங்கே யுத்தம் நடக்கிறது என்று சொன்னோம். கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "அப்படியென்றால் யுத்தம் நடக்கிறது என்று அவர்களிடமிருந்தே ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேலை ஆகவில்லை. பள்ளியில் நான் கத்தினால் ஒரு வகுப்பே அடங்கும்; அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் ஒன்றும் எடுபடவில்லை.

போன வருடம் மழை முடிந்த சமயத்தில் அருணா பேச்சை ஆரம்பித்தாள். திரும்பிப் போகிறாளாம். ஹலீனாவின் ஊருக்கு.

"மம்மி, அங்க ஹாஸ்பிடல்ல ஆளே இல்ல. எனக்கு அவங்க லாங்குவேஜ் வரும். போன அடுத்த நாளே வேலை குடுப்பாங்க. இங்க நான் என்ன பண்றேன்? பைட்கே, சும்மா ஒக்காந்து, கோச்சிங்ல கொஸ்டின் பேப்பர் நிரப்பறேன்."

"அங்க குண்டு வுழுதுடி."

"அதுக்குத்தான் டாக்டர் வேணும்."

பதில் சொல்ல முடியாத மாதிரி பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். இவளுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஹலீனாவோடு போனில் பேசும்போது பார்க்கவேண்டுமே, அருவி கொட்டுகிற மாதிரி கொட்டுவாள், நடுநடுவே சிரிப்பாள். என்னோடு பேசி அப்படிச் சிரித்து எத்தனை காலமாகிறது! அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தாரஸ் அப்போது போர்முனையில் இருந்தான். ஹலீனா தன் பள்ளிக்கூட விளையாட்டு அறையில் மற்ற பெண்களோடு சேர்ந்து வலை கட்டுகிற வீடியோக்களை அனுப்புவாள். பெரிய சட்டத்தில் வலையை மாட்டி, துணி நாடாக்களை ஒவ்வொரு கண்ணிலும் முடிந்துகொண்டே போவார்கள். வண்டிகளையும் பதுங்கு குழிகளையும் மேலே பறக்கிற டிரோன்களின் கண்ணிலிருந்து மறைக்க. கோடையில் பச்சையும் பழுப்பும், பனிக்காலத்துக்கு வெள்ளை. அந்த ஊரில் வெள்ளைத் துணி தீர்ந்துவிட்டதாம். படுக்கை விரிப்புகள், திரைச்சீலைகள், ஆஸ்பத்திரி விரிப்புகள் வரைக்கும் கிழித்தாகிவிட்டதாம்.

வலைதானே, இங்கேயே கட்டலாம் என்றேன். அருணா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நாட்டின் மேல் ஒரு பொட்டு அன்பு கிடையாது. என் மகளில் பாதியை அது ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டது, மீதியையும் கேட்கிறது. இங்கேயே அவள் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் போகிற பேச்சு அடங்கிவிடும் என்றுதான் ஆரம்பித்தேன். மற்றபடி என்னைத் தியாகி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

3

வலைக்கு அலையவேண்டியிருக்கவில்லை. புனேயில் எந்த பால்கனியைப் பார்த்தாலும் புறா வராமல் இருக்க நைலான் வலை கட்டியிருப்பார்கள். எங்கள் கட்டடத்துக்குக் கட்டிய ஆளிடம் கேட்டதும், மிச்சம் கிடந்த ஒரு பெரிய துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டான். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரே மனிதன் அவன்தான்.

துணிக்கு சுந்தரின் சங்கத்தைக் கேட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளை விரிப்பு, எவ்வளவு பழசானாலும் சரி, வெள்ளையாக இருக்கவேண்டும் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தெளிவாக எழுதினேன். மூட்டை மூட்டையாக வந்தது. பிரித்துப் பார்த்தால் ஹோலிக்குப் போட்டுக்கொண்டு போய் ரோஸும் பச்சையுமாக நாறிப்போன குர்தாக்கள், ஜரிகை அறுந்த பட்டு ரவிக்கைகள், ஒரு குழந்தையின் கிருஷ்ணர் வேஷத்துத் துணி, மயிலிறகோடு. அலமாரியைக் காலி செய்ய ஒரு யுத்தம் கிடைத்தது அவர்களுக்கு. சுந்தரிடம் கேட்டதற்கு, "எமோஷனலா குடுத்திருக்காங்க டீச்சர், வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றார்.

அதே குழுவில்தான் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதினார்: ஈழத்தில் நம்மவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது எந்த வெள்ளைக்காரி நமக்காக வலை கட்டினாள்? வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. கேள்வி நியாயமானது, அதை மறுக்கமாட்டேன். எவளும் கட்டவில்லை. ஆனால் கேட்ட மனிதரை எனக்கு அந்த நாட்களிலிருந்தே தெரியும். அவரும் ஒன்றும் கட்டவில்லை. யார் அழுதாலும், அதற்கு முன்னால் அழுதவர்களைக் காட்டி வாயடைப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். செத்தவர்களை எடுத்து இவர்கள் தங்கள் சோம்பலுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். இதை அப்படியே குழுவில் எழுதினேன். அன்றைக்கே என்னை நீக்கிவிட்டார்கள். பிப்ரவரி வந்ததும் பேசக் கூப்பிடுகிறார்கள்.

நான் ஆம்பூரில் பள்ளியில் படித்தபோது ஈழத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். பள்ளியில் துணி சேர்த்தார்கள். எல்லோர் வீட்டிலிருந்தும் கந்தல் வந்தது. என் அம்மா மட்டும் நான் ஒரே ஒரு முறை உடுத்திய தீபாவளிப் பாவாடையை மடித்துக் கொடுத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. பிறகு அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கடைத்தெருவில் போவதைப் பார்த்தேன். அவள் ஊர் எரிந்ததும் தெரியும், அவள் அப்பா வரவில்லை என்பதும் தெரியும். இருந்தும் அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. அம்மாவிடம் கேட்டதற்கு, "வேணாங்கறத குடுக்கறதுக்குப் பேரு குடுக்கறதா?" என்றாள். எனக்கு அன்றைக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை.

4

கடைசியில் ஆள் கிடைத்தது கட்கியில்தான். அங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சி ஊற்றுகிற பெண்கள் ஒரு கூட்டமாகவே இருப்பார்கள். அவர்களுக்குத் தலைவி கஸ்தூரி. அவள் மகன் என்னிடம் படித்தவன், கணக்கில் சுமார். விஷயத்தைச் சொன்னேன். உக்ரைன் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை.

"பையன் சண்டையில கீறானா?"

"ஆமாம்."

"அவங்கம்மாதான் ஒங்க பொண்ணுக்குச் சோறு போட்டுச்சா?"

"ஆமாம்."

"அப்றம் இன்னா டீச்சர் யோசன? சலோ, எப்போ ஆரம்பிக்கணும் சொல்லு."

சங்கம் கொடுத்த மூட்டையில் தேறிய நாலு வேட்டியைக் காட்டினேன். கஸ்தூரி விரல் நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். சண்டையில் இருக்கிற பிள்ளைக்கு யாரோ கட்டிக் கழித்த துணியை அனுப்புவார்களா என்று என்னையே கேட்டாள். அவர்களே சேர்ந்து பஜாருக்குப் போய் சுருள் சுருளாகப் புது வெள்ளை மல் துணி வாங்கி வந்தார்கள். நாடா நாடாவாகக் கிழித்துவிடலாம், சீக்கிரம் முடியும் என்று நான் ஒரு முனையைப் பல்லில் கடித்ததுதான் தாமதம், நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

"வாணாம் டீச்சர்! வெள்ளத் துணிய கையால கிழிக்கறது எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். செத்தவர்களின் கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்ட அப்படித்தான் கிழிப்பார்கள். ஆகவே கையால் ஒரு நூல்கூடக் கிழிபடவில்லை. எல்லாம் கத்திரிக்கோலில். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை நாள் கணக்கில் இழுத்தது. அருணாவோடு படித்த நாசிக் பையன் ஒருவன் இப்போது பக்கத்து நாடான போலந்தில், வார்சாவில் இருக்கிறான், தீபாவளிக்கு வந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். அவன் தன் பெட்டியில் வலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தான். கூரியரில் கேட்டபோது, இது எந்த வகைப் பொருள், என்ன பயன் என்று எழுதவேண்டும் என்றார்கள். உள்ளதை எழுதினால் எந்தக் காலத்திலும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். இந்தப் பையனை விட்டால் வேறு வழியில்லை. அங்கே பனி விழ ஆரம்பித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் வலை கட்டி முடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், முகமெல்லாம் பூரிப்பு. வலையில் ஒவ்வொரு நாடாவின் நுனியும் மஞ்சளாக இருந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும், ஒன்று விடாமல்.

புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாராவது உடுத்துவார்களா? தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கட்டுவதற்கு முன்னால் கட்டுக் கட்டாக எடுத்து நுனியை மஞ்சள் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். பனியில் ஒளிந்துகொள்வதற்கான வலை செவ்வந்தித் தோட்டமாகப் பூத்து நின்றது.

"அறிவிருக்கா ஒங்களுக்கெல்லாம்? இதை மேல போட்டுக்கிட்டா அந்தப் பையன் எங்க இருக்கான்னு அவங்களே தேடிக் கண்டுபிடிக்க வேணாம், நாமளே காட்டிக் குடுத்துடுவோம்!"

கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்தாள். "கத்தாத டீச்சர். காப்பு இல்லாம எப்டி அனுப்பறது? எம்புள்ளையா இருந்தா அனுப்புவனா?"

என் கத்தலில் பயந்துபோன, அவர்களில் ஒருத்தியின் மருமகள், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஓர் ஓரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? சிவந்துபோனது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடிப்பதற்குள் கணிசமான இடம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் அருணா கோச்சிங் முடிந்து உள்ளே வந்தாள். வெள்ளைத் துணியையும் அதில் சொட்டுகிற சிவப்பையும் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றவள் நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இதற்கு முன் அப்படிப்பட்ட துணிகளை எங்கே பார்த்திருப்பாள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நிலவறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அதைப் பற்றி எங்களிடம் சொன்னதே இல்லை.

5

மஞ்சள் வெயிலுக்குத்தான் போகும். சோப்பை நன்றாக அலசிவிட்டு, சனிக்கிழமை காலையில் வலையை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். கஸ்தூரி முறைத்துக்கொண்டே வந்தாள், ஆனால் வந்தாள். விரித்துக் கட்டியபோது மாடியில் பாதியை அடைத்தது. எங்கள் கட்டடத்துச் சேர்மன் ஒரு சிடுமூஞ்சி. மாடியில் துணி காயப்போடக் கூடாது, கட்டடத்துக்கு அசிங்கம் என்று அவர் ஒட்டிய நோட்டீசைக் கிழித்ததில் ஏற்கெனவே எங்களுக்குள் பகை. அவர் வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் மாடியேறி வந்தார்.

எங்கள் தாபோடி மாதிரி ராணுவக் கல்லூரியை ஒட்டிய பேட்டையில், மொட்டைமாடியில் ஒரு மறைப்பு வலை. சந்தேகப்படாமல் என்ன செய்வார்? அவர் மராத்தியில் விசாரித்தார். எனக்குக் கோபம் வந்தால் மராத்தி போய்விடும். பாதி இந்தி, பாதி ஆங்கிலம், நடுவில் தமிழ் என்று நான் திணறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஏகாம்பரம் மாடிக்கு வந்தார். இந்த வலை வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அதைத் தொடாதவர் அவர். கூடத்தில் தொங்கியபோதுகூடக் குனிந்து சுற்றிக்கொண்டு போனவர். "என் பொண்ண தள்ளிவுட்ட ஊருக்கு இன்னாத்துக்கு வலை?" என்று தினமும் ஒரு முறை கேட்டவர்.

அவர் தொழிற்சாலை மராத்தியில் நிதானமாகப் பேசினார். இது பனிக்கு, வெள்ளையாகத்தான் இருக்கும், என் மகளைக் காப்பாற்றிய அம்மாவின் பையனுக்கு என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். போலீஸ்காரர் வலையைச் சுற்றி வந்தார். தன் அண்ணன் மகன் காஷ்மீரில் மலைமேல் காவலில் இருப்பதாகச் சொன்னார். ஒரு நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "கட்ட பாந்தா" என்றார். இறுக்கிக் கட்டுங்கள் என்று அர்த்தம். டீயும் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடவேண்டும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

"நீ ஒண்ணும் சந்தோஷப்படாத. அந்த ஊரு மேல எனக்கு இன்னும் ஆத்திரம்தான்" என்றார் கணவர். பிறகு உட்கார்ந்து, தளர்ந்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். அருணாவும் மேலே வந்து எதிர் ஓரத்திலிருந்து இறுக்க ஆரம்பித்தாள். வெயில் நன்றாக அடித்தது. சாயங்காலம் பார்த்தபோது மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறையப் போயிருந்தன, அழுக்குப் பனி மாதிரி ஒரு நிறம். அருணா பார்த்துவிட்டு, இதுதான் சரியான நிறம், அங்கே பனி சுத்தமாக இருக்காது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வலை போனது. அதற்கப்புறம் அவள் போகிற பேச்சை எடுக்கவில்லை. கோச்சிங் போனாள், வந்தாள். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

6

ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது ஹலீனா வீடியோவில் அழைத்தாள். என்னையும் பார்க்கவேண்டும் என்றாளாம். அருணா போனை மேசையில் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

ரயில் நிலையத்தில் சீருடைக்காரனின் சட்டையைப் பிடித்தவள் என்பதால் நான் ஒரு மல்லச்சியைக் கற்பனை செய்திருந்தேன். குள்ளமான, ஒடிசலான பெண்பிள்ளை. என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுப்பக்கம் உடைந்து டேப் சுற்றியிருந்தது. வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்திருந்தது.

அவள் பேசப் பேச அருணா திக்கித் திக்கித் தமிழில் சொன்னாள். வலை வந்து சேர்ந்ததாம். தாரஸோடு இருக்கிறவர்கள் வந்து வாங்கிப் போனார்களாம். முடிச்சு நன்றாக இருக்கிறதாம். தாரஸ் எப்படி இருக்கிறான் என்று கேட்கச் சொன்னேன். கடைசியாகப் பேசியபோது நன்றாக இருந்தான் என்றாள். கடைசியாக என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஹலீனா நீளமாக ஏதோ சொன்னாள். அருணா அதைத் தமிழில் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றா?"

"ஒண்ணும் இல்ல மம்மி."

ஹலீனாவுக்குப் புரிந்துவிட்டது. திரையை விரலால் இரண்டு முறை தட்டினாள். அதே வாக்கியங்களை மறுபடி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னாள். அருணா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"'அருணா வரேன்னு சொல்றா. டெய்லி மெசேஜ் பண்றா. எங்களுக்கு ஆள் வேணும், ரொம்ப வேணும்'ங்கறாங்க. 'ஆனா என் பையன கூட்டிட்டுப் போனப்போ என்னை யாரும் கேக்கல. அதனால நான் ஒங்களக் கேக்கறேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் இவளுக்கு நான் கதவு திறப்பேன். இல்லன்னா வாசல்ல வந்து நின்னாலும் திறக்க மாட்டேன்.' அவ்ளோதான்."

அதாவது, அந்தப் பேச்சு நிற்கவே இல்லை. என்னிடம்தான் நின்றிருக்கிறது.

ஏகாம்பரம் சமையலறை வாசலில் கையில் தட்டோடு நின்றார். அவர் ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் எழுதியதெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. சோம்பல், முட்டுக்கொடுப்பது என்று எப்படியெல்லாம் எழுதினேன்! வலை கொடுத்தாயிற்று, துணி கொடுத்தாயிற்று, ஒரு வாரத் தூக்கம் கொடுத்தாயிற்று. இப்போது அந்தப் பெண்பிள்ளை, வேறு எதையும் கேட்காமல், என்னிடம் இருக்கிற ஒன்றைக் கேட்கிறாள். அதையும் பிடுங்காமல், அனுமதி கேட்கிறாள். அவள்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கேட்காமலே கூப்பிட்டிருந்தால் அவளைச் சபித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

அருணா என்னைப் பார்த்தாள். "எக்ஸாம் இருக்கு, முடிஞ்சதும் பாக்கலாம்னு சொல்லட்டுமா?"

"வேணாம். எங்கம்மா தரமாட்டாளாம்னு சொல்லு."

அருணா சொன்னாள். மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது. ஹலீனா தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றி, கோட்டின் ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன?"

"'என்னைக் கேட்டிருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்'ங்கறாங்க."

அதைச் சொல்லிவிட்டு அருணா எழுந்து தன் அறைக்குப் போனாள். மேசைமேல் போன் அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது, நடுவில் சொல்ல ஆளில்லை. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் போனை அணைத்தேன்.